அக்காவின் வளைவும் அம்மாவின் முழங்காலும்: ஒரு வண்டி தேர்வான கதை

அக்காவிடம் இருந்தது இரண்டு கதவு வண்டி. 11 வருடம் ஓட்டியது, எடை 1,100 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே, கையால் மாற்றும் கியர். பின் சீட் என்று ஒன்று இருந்தது, ஆனால் அதில் ஒருமுறை உட்கார்ந்தவர்கள் மறுமுறை உட்கார்ந்ததில்லை. மூத்தவளுக்கு 4 வயது, அடுத்தது வயிற்றில் ஆறு மாதம், அம்மாவுக்கு இடது முழங்காலில் தேய்மானம். வண்டியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எதை வாங்குவது என்பதில்தான் மூன்று மாதம் போனது. அந்த மூன்று மாதத்தையும், அதற்குப் பிறகு புது வண்டியோடு வாழ்ந்த 14 மாதத்தையும் சேர்த்து எழுதுகிறேன், நாங்கள் தப்பாகக் கணக்குப் போட்ட இடங்கள் உட்பட.

நாங்கள் ஓட்டிப் பார்த்த வண்டிகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் படிப்பவர்களில் பாதிப் பேர் அந்தக் கம்பெனிக்கு வக்கீலாகிவிடுவார்கள், மீதிப் பேர் எதிர்த்தரப்பு. வகையைச் சொன்னாலே போதும்.

யாருக்கு என்ன வேண்டும்

அக்கா போனில் சொன்னது: "டேய், எனக்கு ஓட்டுறதுக்கு நல்லா இருக்கணும். பஸ் மாதிரி ஒண்ணை என் தலையில கட்டிடாதே."

அரை மணி நேரம் கழித்து மாமா கூப்பிட்டார்: "மாப்ளே, டிக்கி பெருசா, உயரமா, பாதுகாப்பா ஒண்ணு பாரு. உங்க அக்கா ஆசையெல்லாம் பத்து வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம்."

அம்மாவைக் கேட்டதற்கு, "எனக்கென்னப்பா, எதுல வேணாலும் ஏறிக்குவேன்" என்றார். எதிலும் ஏற முடியவில்லை என்று அதற்கு அர்த்தம்.

வழக்கமாக இந்த இடத்தில் இரண்டில் ஒன்று நடக்கும். ஓட்டப் பிடித்தவர் தோற்பார், உயரமான வண்டி ஒன்று வரும், அவர் மனசு ஆறட்டும் என்று டிக்கி கதவில் 'ஸ்போர்ட்' என்று ஒரு பட்டை ஒட்டியிருக்கும். அல்லது அவர் ஜெயிப்பார், 300 குதிரைத்திறன் வண்டி வாசலில் நிற்கும், பின் சீட்டுக்காரர்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு சாக்குச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துகொள்வார்கள். ஓட்டுகிற சுகமும் பின்னால் உட்காருகிற சுகமும் ஒரு தராசின் இரண்டு தட்டு என்று எல்லோரும் நினைப்பதால்தான் இப்படி ஆகிறது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரக் குறிப்பு

எந்த ஷோரூமுக்கும் போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு நோட்டுத்தாளை ஒட்டி, வண்டி வெளியே போகும் ஒவ்வொரு முறையும் யார் யார் போனார்கள் என்று இரண்டு வாரம் எழுதச் சொன்னேன். மொத்தம் 44 பயணம். அக்கா தனியாகப் போனது 19. அக்காவும் குழந்தையும் 13. மாமா தனியாக 5. இரண்டு பேரும் சேர்ந்து 3. அம்மாவோடு குடும்பமாகப் போனது 4.

"நாம எப்பவும் எல்லாரும் சேர்ந்துதானே போறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்த மாமா அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காக அந்த நாலு பயணத்தை ஒதுக்கிவிட முடியாது. சாமான், அம்மா, நெடுந்தூரம் எல்லாம் அதில்தான் வருகிறது. ஆனால் அந்த நாலுக்காக மட்டும் ஒரு வண்டியை வாங்கி, மீதி 40-ஐயும் அதிலேயே சகித்துக்கொண்டு ஓட்டுவது அநியாயம்.

தாளில் இன்னொன்றும் இருந்தது. அக்கா அலுவலகத்திலிருந்து திரும்பும்போது, போன வழியை விட 2 கிலோமீட்டர் அதிகமாகச் சுற்றி வருகிறாள். பத்து வேலை நாளில் பத்து நாளும். கேட்டால், "அந்த ரோட்டுல மூணு வளைவு இருக்குடா" என்றாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

ஒரு மாலை நானும் கூட ஏறிக்கொண்டேன். முதல் வளைவு சும்மா ஒரு திருப்பம். இரண்டாவதுதான் விஷயம். தூரத்திலேயே லேசாக பிரேக்கைத் தொட்டாள், கியரை ஒன்று இறக்கினாள், ஸ்டியரிங்கைக் கால் வட்டம் திருப்பினாள். திருப்பத் திருப்பக் கையில் கனம் கூடுவது அவள் மணிக்கட்டைப் பார்த்தாலே தெரிந்தது. வண்டி ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, சாய்ந்த இடத்திலேயே நின்றது, வளைவு முடிகிற வரைக்கும் அசையவில்லை. நடுவில் ஒட்டுப்போட்ட தார் ஒன்று வந்தபோது ஸ்டியரிங்கில் சின்னதாக ஒரு நடுக்கம். "இதான்" என்றாள். நான் மீட்டரைப் பார்த்தேன். 55.

'எனக்கு வேகம் பிடிக்கும்' என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அன்றைக்கு 60-ஐத் தாண்டவே இல்லை. அவளுக்குப் பிடித்தது, கை செய்வதை வண்டி அப்படியே செய்வதும், வண்டி செய்வதைக் கை உணர்வதும். குதிரைத்திறன் என்ற வரியை அன்று ராத்திரியே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

ஃபோர்டில் வண்டிகளின் ஓட்டும் தன்மையைத் தீர்மானித்த பொறியாளர் ரிச்சர்ட் பாரி-ஜோன்ஸ், ஒரு வண்டியைப் பற்றி முதல் 50 மீட்டரிலேயே நிறையத் தெரிந்துவிடும் என்ற கட்சி. அந்த 50 மீட்டரில் என்ன வேகம் போய்விட முடியும்? கிளட்ச் எங்கே பிடிக்கிறது, பிரேக்கில் கால் வைத்த மாத்திரத்தில் என்ன நடக்கிறது, ஸ்டியரிங் நேராக இருக்கும்போது தொளதொளவென்று இருக்கிறதா, ஆக்சிலரேட்டரை அழுத்தியதற்கும் வண்டி நகர்ந்ததற்கும் நடுவில் எவ்வளவு யோசனை. அவ்வளவுதான். குடும்ப வண்டியில் ஒருவர் வாழ்நாள் முழுக்க அனுபவிக்கப் போவதும் அதைத்தான்.

டேப்போடு ஷோரூமுக்கு

அளவெடுத்தது இவ்வளவு: சைல்டு சீட்டின் நீளம், மடித்த தள்ளுவண்டியின் மூன்று பக்கம், வீட்டில் அம்மா கை ஊன்றாமல் எழுந்திருக்கிற நாற்காலியின் உயரம்.

நாற்காலி 47 சென்டிமீட்டர். அம்மாவுக்கு அதை விடத் தாழ்வான சீட் என்றால் எழுந்திருக்க ஆள் வேண்டும். ரொம்ப உயரமானாலும் கஷ்டம்தான், அது மாமாவுக்குத் தெரியவில்லை. உயரமான எஸ்யூவியில் சீட் விளிம்பு தரையிலிருந்து 70 சென்டிமீட்டர். அம்மா ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்து, அந்தக் காலின் முட்டியிலேயே முழு உடம்பையும் தூக்க வேண்டியிருந்தது, அதுவும் தேய்ந்துபோன முட்டி. அம்மாவுக்குத் தேவை, பின்புறத்தை முதலில் சீட்டில் வைத்துவிட்டு அப்படியே திரும்பி இரண்டு காலையும் உள்ளே இழுத்துக்கொள்கிற உயரம். எங்கள் அளவில் அது 50 முதல் 58 வரை. அந்த ஒரு எண்ணாலேயே தரையோடு ஒட்டின வண்டிகளும் வானத்தில் நிற்கும் வண்டிகளும் சேர்ந்து வெளியேறின.

சைல்டு சீட் விஷயம் இன்னும் சிக்கல். ஆர்129 என்கிற ஐ.நா. விதிப்படி தயாராகும் சீட்டுகளில் குழந்தை குறைந்தது 15 மாதம் வரை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். அதற்குப் பிறகும் முடிந்தவரை அப்படியே வைத்திருப்பது கழுத்துக்கு நல்லது. பின்னோக்கிய சீட் சாய்ந்து நிற்கும், அதனால் முன் சீட்டை முன்னே தள்ள வேண்டியிருக்கும். முன்னால் யார் உட்காருவார்? ஆறடி மாமா. ஆகவே விளம்பரத்தில் வரும் 'விசாலமான கால் இடம்' என்பதை நம்பாமல், நிஜ சீட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு வண்டியிலும் மாட்டி, அதற்கு முன்னால் மாமாவை உட்கார வைத்துப் பார்த்தோம். சைல்டு சீட்டை வண்டியோடு மாட்டுகிற ஐஸோஃபிக்ஸ் கொக்கிகளுக்கு நடுவே 280 மில்லிமீட்டர் என்பது எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். ஆனால் அந்தக் கொக்கி மெத்தைக்குள் எவ்வளவு ஆழத்தில் புதைந்திருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி வேறு. ஒன்றில் விரல் நகமே உடைந்தது. ஷோரூம் பையன்கள் முதலில் எங்களை விநோதமாகப் பார்த்தார்கள், அப்புறம் அவர்களே டேப்பின் மறுமுனையைப் பிடித்தார்கள்.

முன் சீட்டில் பின்னோக்கி மாட்டலாமா என்று மாமா கேட்டார். அந்தப் பக்கத்து ஏர்பேக்கை அணைக்காமல் கூடவே கூடாது. விரியும் ஏர்பேக் நேராக அந்தச் சீட்டின் முதுகில்தான் அறையும்.

யானைப் பரீட்சை

மொத்தம் ஐந்து வண்டி ஓட்டினோம். ஓட்டியது அக்கா. நான் ஒவ்வொரு முறையும் பின் சீட்டில். இதுதான் இந்தக் கதையிலேயே உருப்படியான முடிவு, அதுவும் தற்செயலாக நடந்தது. முதல் நாள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போக முடியாததால், அவளுடைய துணி யானையை சைல்டு சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்திருந்தோம், பொருந்துகிறதா என்று பார்க்க. ஓடும்போது அதன் தலையையும் தும்பிக்கையையும் பார்த்தேன். அதற்குப் பிறகு ஐந்து வண்டிக்கும் யானைதான் நீதிபதி.

முதலில் மாமாவின் கட்சி: உயரமான எஸ்யூவி, 1,780 கிலோ, 'ஸ்போர்ட்' ரகம். பெரிய பள்ளங்களை அலட்சியமாகத் தாண்டியது. ஆனால் சாலையின் ஒரு பக்கம் மட்டும் மேடுபள்ளமாக இருந்த இடத்தில் யானையின் தலை இடமும் வலமும் விசிறியது. என் தலையும்தான். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வளைவில் ஒரு வண்டியின் பாரம் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு எவ்வளவு மாறும் என்பது, வண்டியின் எடை, அந்த எடையின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சக்கரங்களுக்கு நடுவில் எவ்வளவு அகலம் என்ற மூன்றையும் பொறுத்தது. எடையும் உயரமும் கூடினால் வண்டி அதிகம் சாயப் பார்க்கும். சாயாமல் பிடிக்க, இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பியை, அதாவது ஆன்டி-ரோல் பாரைத் தடிமனாக்குவார்கள். இணைத்துவிட்டால் இடது சக்கரம் பள்ளத்தில் விழும்போது வலது பக்கத்தையும் சேர்த்து இழுக்கும். உள்ளே இருப்பவர் தலை ஊஞ்சல். ஆக, உயரமான வண்டியை 'ஸ்போர்ட்' ஆக்க முயன்றதன் கூலியைக் கொடுப்பது பின் சீட்.

அக்காவுக்கும் அது பிடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. "வளைவுல விழாம நிக்குது, ஆனா என்ன நடக்குதுன்னு கைக்கு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது" என்றாள். முன்னாலிருந்து அவளும் பின்னாலிருந்து நானும் ஒரே வண்டியை ஒரே காரணத்துக்காகத் திட்டிக்கொண்டிருந்தோம். தராசுத் தட்டு நினைப்பு அங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது.

இரண்டாவது, அக்கா கனவு கண்டுகொண்டிருந்த ஹாட் ஹேட்ச், அதாவது ஹேட்ச்பேக்கின் வேகமான ரகம்: ஐந்து கதவு, 19 அங்குலச் சக்கரம், பின்னால் இரண்டு புகைக்குழாய். முதல் பத்து நிமிடம் அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தபோது, சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் ஒரு பாலத்து இணைப்பு வந்தது. டம் என்று முதுகெலும்பில் அடித்தது. டயர் அளவை இறங்கிப் பார்த்தேன், 235/35 ஆர்19. அகலம் 235 மில்லிமீட்டர், அதில் 35 சதவீதம், அதாவது சக்கரத்துக்கும் சாலைக்கும் நடுவில் 82 மில்லிமீட்டர் ரப்பர்தான். அதே வண்டியின் கீழ் ரகத்தில் 225/45 ஆர்17 வரும், அதில் 101 மில்லிமீட்டர். 2 சென்டிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். பள்ளத்தின் விளிம்பை முதலில் வாங்கிக்கொள்வது அந்த 2 சென்டிமீட்டர்தான். பெரிய சக்கரம் பொதுவாகக் கனமும் கூட. கனமான சக்கரம் மேலே எகிறினால் அதைத் திரும்பச் சாலைக்கு இழுத்து வர குலுக்கலை அடக்கும் டேம்பருக்கு அதிக வேலை. நடுவளைவில் ஒரு குழி வந்தபோது வண்டி ஒரு ஜாண் வெளியே தாவியது. அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

இந்த வகையில் ஒரு எச்சரிக்கை. கூர்மையான ஹாட் ஹேட்ச் சிலவற்றில் பின்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். ஹோண்டா சிவிக் டைப் ஆர் கடைசி இரண்டு தலைமுறையாக நான்கு சீட் வண்டி, நடுவில் பெல்ட்டே கிடையாது. ஐந்து கதவு என்பதை ஐந்து ஆள் என்று படித்துவிடக் கூடாது. அம்மாவையும் சேர்த்தால் அக்கா வீட்டில் ஐந்து பேர், அதனால் எங்களுக்கே அது ஒத்துவராது. மூன்று பிள்ளை வீட்டில் கதையே மாறிவிடும். அங்கே பின் சீட்டில் மூன்று சைல்டு சீட் வரிசையாக நிற்குமா என்பதுதான் முதல் கேள்வி, ஓட்டும் சுகமெல்லாம் அடுத்தது.

மூன்றாவது எலக்ட்ரிக் செடான். அன்று யானைக்குப் பதில் குழந்தையே வந்தாள். பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் எடை எவ்வளவு இருந்தாலும் அதன் மையம் கீழே இருக்கிறது, வளைவில் சாய்வே தெரியவில்லை, ஆக்சிலரேட்டரைத் தொட்ட கணத்தில் இழுக்கிறது. அக்கா ஒரே பெடலில் ஓட்டும் முறையை அன்றைக்குத்தான் முதன்முதலில் பழகினாள். காலை எடுத்தால் வண்டி தானாகவே பிடிக்கும், வைத்தால் பாயும். இருபதாவது நிமிடம் பின்னால் குழந்தை பேச்சை நிறுத்தினாள். பேச்சை நிறுத்தினால் என்ன வரும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். அதுதான் வந்தது.

தப்பு வண்டி மேல் இல்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மனிதனுக்குக் குமட்டலைக் கிளப்பும் அசைவு ஏறத்தாழ 0.2 ஹெர்ட்ஸ், அதாவது ஐந்து விநாடிக்கு ஒரு தரம் போய்வரும் மெதுவான அசைவு. வண்டி ஸ்பிரிங்கில் மேலும் கீழும் ஆடுவது அதை விட வேகம், விநாடிக்கு ஒன்று ஒன்றரை தடவை. ஆகவே குழந்தைக்கு வாந்தி வருவது பெரும்பாலும் குண்டுகுழியால் இல்லை, ஓட்டுபவரின் கால் பிடித்துப் பிடித்து விடுவதாலும் கை மெதுவாக இப்படியும் அப்படியும் போவதாலும்தான். 2 வயது முதல் 12 வரை உள்ள பிள்ளைகளுக்கு இது அதிகம். 'மெத்தென்ற' வண்டி வாங்கினால் வாந்தி நின்றுவிடும் என்பது பொய், மெத்தென்று படகு மாதிரி ஆடும் வண்டியில்தான் நன்றாக வரும். அந்த செடானில் தானாகப் பிடிக்கும் அளவைக் குறைத்துவிட்டு இன்னொரு நாள் ஓட்டியபோது ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஜன்னலின் கீழ் விளிம்பு உயரம், குழந்தைக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. தூரத்தில் நிலையான எதையும் பார்க்க முடியாவிட்டால் குமட்டல் சீக்கிரம் வரும். சைல்டு சீட்டில் உட்கார்ந்த கண்ணுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பதையும் அதற்குப் பிறகு டேப்பால் அளந்தோம்.

நான்காவதைப் பற்றி அதிகம் இல்லை. ஒரு சாதாரண ஹேட்ச், எல்லாவற்றிலும் பரவாயில்லை, டிக்கியில் தள்ளுவண்டி வைத்தால் வேறொன்றும் வைக்க முடியாது. ஓட்டிவிட்டுத் திரும்பும்போது எங்களில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஐந்தாவது

ஐந்தாவது ஒரு எஸ்டேட். ஹேட்ச்பேக்கின் முதுகை நீட்டிவிட்ட மாதிரி இருக்கும் வண்டி. மாமா பார்த்ததும், "இது சாமான் ஏத்துற வண்டி மாப்ளே" என்றார். பாதி உண்மை. ஆனால் 1994-ல் பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் வால்வோ 850 எஸ்டேட்டையே ஓட்டினார்கள், நீளப் பெட்டி மாதிரி இருந்த வண்டி உள்பக்கச் சக்கரம் தூக்கி வளைவில் பாய்வதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதே வருடம் ஆடி, போர்ஷேயோடு சேர்ந்து 315 குதிரைத்திறன் ஆர்எஸ்2 அவான்ட் என்ற எஸ்டேட்டைக் கொண்டுவந்தது. குடும்ப வண்டியும் ஓட்டப் பிடிக்கும் வண்டியும் ஒன்றாக இருக்கலாம் என்பது புது யோசனையே இல்லை. 1976-ல் வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 800 கிலோ, பின்னால் ஆள் உட்காரலாம், சாமான் ஏற்றலாம். இன்றைய ஜிடிஐ 1,400 கிலோவைத் தாண்டிவிட்டது. 1998-ல் வந்த முதல் ஃபோர்டு ஃபோகஸ் பந்தய வண்டியே இல்லை, பள்ளிக்கூடம் போய்வரும் வண்டி. போட்டிக்கு இருந்த பல வண்டிகள் பின்பக்கம் ஒரே உத்தரத்தில் இரண்டு சக்கரத்தையும் மாட்டியிருந்த காலத்தில் அதற்குத் தனித்தனி மல்டிலிங்க் சஸ்பென்ஷன் கொடுத்தார்கள். பள்ளத்தில் மெத்தென்றும் வளைவில் உறுதியாகவும் ஒரே வண்டி இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் எஸ்டேட்டில் இரண்டு ரகம் ஓட்டினோம். மேல் ரகம் 245 குதிரைத்திறன், தாழ்த்திய சஸ்பென்ஷன், 19 அங்குலம். நடு ரகம் 1.5 லிட்டர் டர்போ, 150 குதிரைத்திறன், 17 அங்குலம், கையால் மாற்றும் ஆறு கியர், எடை 1,400 கிலோ சொச்சம். மேல் ரகத்தில் யானை பாலத்து இணைப்பில் தலைகுனிந்து கும்பிட்டது. நடு ரகத்தை ஒரு வேகத்தடை மேல் 25-ல் ஏற்றினோம். முன்பக்கம் ஒருமுறை எழுந்தது, இறங்கியது, நின்றது. இரண்டாவது குலுக்கலே இல்லை. ஸ்பிரிங் வாங்கிக்கொண்ட அடியை டேம்பர் ஒரே மூச்சில் கரைத்துவிட்டது என்று அர்த்தம். பிறகு வளைவு. கொஞ்சம் சாய்ந்தது, சாய்ந்த இடத்தில் நின்றது. யானையின் தும்பிக்கை ஒரு பக்கம் ஒதுங்கி அப்படியே இருந்தது.

முன்னாலிருந்து சத்தம் வந்தது. "இதான்டா."

நல்ல டேம்பரும் குறைந்த எடையும் பின் சீட்டுக்குத் தூக்கத்தைக் கொடுக்கின்றன, அதே இரண்டும்தான் முன் சீட்டுக்கு வளைவைக் கொடுக்கின்றன. கூடுதல் எடை, பெரிய சக்கரம், தேவையில்லாத உயரம் இந்த மூன்றும் இரண்டு சீட்டுக்கும் விரோதி. ஐந்து வண்டியை யானையோடு சுற்றியதில் எனக்குப் புரிந்தது இதுதான்.

பின் சீட் விளிம்பு 54 சென்டிமீட்டர். அம்மா தானாக ஏறினார், இறங்கினார், ஒருமுறைக்கு இரண்டுமுறை செய்து காட்டினார். பின்னோக்கிய சீட்டுக்கு முன்னால் மாமா உட்கார்ந்தபோது முட்டிக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே நாலு விரல். டிக்கி 600 லிட்டருக்கு மேல், தள்ளுவண்டியைப் படுக்க வைத்து அதன் பக்கத்தில் இரண்டு பெட்டி. மாமாவுக்கு ஒரே வருத்தம்: "பெரிய என்ஜின் இருக்கும்போது சின்னதை எடுக்கிறோமே." ஃப்ரிட்ஜ் தாளைக் காட்டினேன். அந்த 44-ல் எந்தப் பயணத்துக்கு 245 வேண்டும் என்று கேட்டேன். "அப்படிக் கேட்டா எதுக்குமே வேண்டாம்தான்" என்றார், முணுமுணுப்போடு.

14 மாதம் கழித்து

தப்பாகப் போனவை முதலில்.

சைல்டு சீட்டின் முன்னங்கால், அதாவது தரையில் ஊன்றி நிற்கும் கம்பி, பின் சீட்டின் கால் வைக்கும் இடத்தில் இருந்த சேமிப்புப் பெட்டி மூடியின் மேல் வந்து நின்றது. வெற்றுப் பெட்டியின் மூடி மேல் அந்தக் காலை ஊன்றக் கூடாது, விபத்தில் மூடி உடைந்தால் சீட் முன்னால் கவிழும். ஷோரூமில் மாட்டியபோது ஒரு பக்கத்தில் மட்டும்தான் பார்த்தோம், மறுபக்கம் பெட்டி இருந்ததைக் கவனிக்கவில்லை. கடைசியில் குழந்தையின் பக்கத்தை மாற்றினோம், அம்மாவும் பக்கம் மாறினார். ஏற்கெனவே பழகிய முட்டிக்கு அது ஒரு வாரத் தொல்லை.

அடுத்தது என் தப்பு. வண்டியை எடுத்த முதல் மாதம் அக்கா, "டெஸ்ட் டிரைவ்ல இருந்த வண்டி இது இல்லடா, குதிக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பழகிவிடும் என்றேன். கடைசியில் டயர் காற்றைப் பார்த்தால், பின் டயர் இரண்டிலும் முழுப் பாரத்துக்கான அழுத்தம் அடைத்துக் கொடுத்திருந்தார்கள். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இரண்டு கணக்கு இருக்கும், ஒன்று சாதாரணமாக ஓட, மற்றது ஆளும் சாமானும் நிறைந்து ஓட. சாதாரண அளவுக்கு இறக்கியதும் வண்டி திரும்பக் கிடைத்தது. ஒரு மாதம் அவளை நம்பாததற்கு இன்னும் திட்டு வாங்குகிறேன்.

லேனை விட்டு விலகினால் ஸ்டியரிங்கைத் தானாகத் திருப்பும் வசதியை அக்கா அந்த மூன்று வளைவுக்கு முன்னால் அணைத்துவிடுகிறாள். ஒவ்வொரு முறை வண்டியை ஸ்டார்ட் செய்யும்போதும் அது திரும்ப விழித்துக்கொள்ளும். டெஸ்ட் டிரைவிலேயே இதை எப்படி அணைப்பது, எத்தனை தடவை தட்ட வேண்டும் என்று பார்த்திருக்கலாம். மாமா நெடுஞ்சாலையில் அதை விரும்பி வைத்திருக்கிறார், அது வேறு விஷயம்.

சரியாகப் போனவை: குழந்தை இந்த 14 மாதத்தில் இரண்டே முறை வாந்தி எடுத்தாள், இரண்டும் மாமா ஓட்டியபோது. (அவர் அதை மறுக்கிறார். ஒருமுறை தான் ஓட்டவில்லை என்கிறார்.) சுற்று வழி தொடர்கிறது, பத்துக்கு எட்டு நாள் என்ற கணக்கில். குறைந்த அந்த இரண்டு நாள், சின்னவன் பசியில் கத்துவதால் நேர் வழி.

ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்காதது. எஸ்டேட்டின் பின் ஸ்பிரிங்குகளைச் சாமான் ஏற்றும் பாரத்தையும் மனதில் வைத்துத்தான் போட்டிருப்பார்கள், அதனால் அக்கா தனியாகப் போகும்போது பின்பக்கம் சற்று விறைப்பாகவே இருக்கிறது. காற்றைச் சரிசெய்த பிறகும் அந்த விறைப்பு முழுதாகப் போகவில்லை. போன மாதம் எல்லோரும் ஏறி, டிக்கி நிறையப் பெட்டியோடு, டயருக்கு அதற்குரிய காற்றும் அடைத்துக்கொண்டு, வழியில் அந்த மூன்று வளைவையும் தாண்டிப் போனார்கள். இரண்டாவது வளைவு முடிந்ததும் அக்கா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார், பிள்ளைகள் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், நடுவில் யானை.

"இத்தனை பேர் ஏறினாத்தான்டா இது ஒழுங்கா ஓடுது" என்று பிறகு என்னிடம் சொன்னாள், கொஞ்சம் எரிச்சலாக.

சின்னவனுக்கு அடுத்த மாதம் 15 மாதம் முடிகிறது. சீட்டைத் திருப்பலாமா என்று மாமா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார், முட்டி வலிக்கிறதாம். வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.